பிஎஸ்எல்இ கணிதத்துக்குப் பழைய தேர்வுத்தாள் புத்தகங்கள்: இரண்டு பிள்ளைகளுக்குப் பயன்படுத்திய அனுபவம்

சிங்கப்பூரில் பிள்ளை தொடக்கநிலை 5-க்குப் போனதுமே வீட்டில் புத்தகம் குவிய ஆரம்பித்துவிடும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். மூத்தவள் 2022-இல் பிஎஸ்எல்இ (தொடக்கநிலை 6 முடிவில் எழுதும் தேசியத் தேர்வு) எழுதினாள், சின்னவன் 2025-இல். அசெஸ்மென்ட் என்று கடையில் விற்கும் பயிற்சிப் புத்தகம், துணைப்பாட வகுப்பு, வாட்ஸ்அப்பில் சுற்றும் பிடிஎஃப் என்று எல்லாமே வந்து போயின. கணிதத்துக்கு இரண்டு பேருக்கும் உருப்படியாகப் பயன்பட்டது கடையில் கிடைக்கும் பழைய பிஎஸ்எல்இ தாள்களின் தொகுப்புதான். வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று பின்னம், விகிதம், விழுக்காடு, வட்டம் என்று தலைப்பு வாரியாகப் பிரித்தது. இன்னொன்று ஆண்டு வாரியாக முழுத்தாள். பெரும்பாலும் பெற்றோர் கை முதலில் தலைப்பு வாரிப் புத்தகத்துக்குத்தான் போகும். தொடக்கநிலை 5-இல் அது சரி. பள்ளியில் பாடம் நடக்க நடக்கக் கூடவே போட்டுப் பார்க்க வசதி. ஆனால் பக்கத்தின் தலையிலேயே ‘விகிதம்’ என்று அச்சடித்திருந்தால், கேள்வியைப் படிக்கும் முன்பே பிள்ளை வழியை முடிவு செய்துவிடும். தேர்வறையில் அந்தத் தலைப்பை யார் போட்டுக் கொடுப்பார்கள்? அதனால் தொடக்கநிலை 6 ஜூன் விடுமுறையோடு ஆண்டு வாரித் தாளுக்கு மாறிவிடுங்கள். மாறியதும் மதிப்பெண் கொஞ்சம் சறுக்கும். பதற வேண்டாம், சில வாரங்களில் ஏறிவிடும்.

இந்தத் தாள்களின் தரம் தெரிய ஒரு கணக்கு சொல்கிறேன். 2021 தாளில் வந்த நாணயக் கணக்கு பலருக்கு நினைவிருக்கும், செய்தி வரை போனது. ஹெலனிடமும் ஐவனிடமும் ஒரே எண்ணிக்கையில் நாணயங்கள். ஹெலனிடம் சில 50 காசு நாணயங்கள், 64 இருபது காசு நாணயங்கள். ஐவனிடம் சில 50 காசு, 104 இருபது காசு. யாரிடம் எவ்வளவு பணம் அதிகம்? அடுத்து, ஹெலனின் நாணயங்களின் மொத்த எடை 1.134 கிலோ, 50 காசு ஒவ்வொன்றும் 20 காசைவிட 2.7 கிராம் அதிகம் என்றால் ஐவனுடைய நாணயங்களின் எடை என்ன?

சின்னவன் படித்துவிட்டு, “அம்மா, 50 காசு எத்தனைன்னு சொல்லவே இல்லையே!” என்றான். தமிழ்நாட்டில் படித்த எனக்குக் கை உடனே எக்ஸ், ஒய்க்குப் போனது. அவன் அதற்குள் ஒரே நீளத்தில் இரண்டு பட்டை வரைந்துவிட்டான். ஒன்றில் 64-ஐ வெட்டினான், மற்றதில் 104-ஐ. வித்தியாசம் 40. ஐவனிடம் இருபது காசு 40 கூட என்றால் ஹெலனிடம் ஐம்பது காசு 40 கூட. ஒவ்வொன்றுக்கும் 30 காசு வித்தியாசம், ஆக ஹெலனிடம் 12 வெள்ளி (டாலர்) அதிகம். எடைக்கும் அதே 40 தான்: 40 × 2.7 = 108 கிராம். 1.134-இல் 0.108 போனால் 1.026 கிலோ. ஐம்பது காசு எத்தனை என்பது கடைசி வரை தெரியாது, தேவையும் இல்லை. பெருக்கலும் கழித்தலும் தெரிந்தால் போதும், ஆனால் எதைப் பெருக்குவது என்று தெரிய வேண்டும்.

இந்தப் பட்டை வரையும் மாடல் முறை 1980களில் இங்கே கல்வி அமைச்சின் குழு உருவாக்கியது. நம் ஊர்க் கணக்கில் பழகிய பெற்றோருக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும். சமன்பாடு போட்டுச் சரியாகச் செய்தாலும் மதிப்பெண் உண்டு. ஆனாலும் பதினொரு வயதுப் பிள்ளைக்குப் பட்டைதான் கைக்கு வருகிறது. நீங்கள்தான் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும், வேறு வழியில்லை.

மற்றப் பள்ளிகளின் பிரிலிம் தாள்கள், அதாவது பிஎஸ்எல்இக்கு முன் பள்ளிகளே வைக்கும் முன்னோட்டத் தேர்வுத் தாள்கள் பற்றி ஒரு வார்த்தை. ‘பெரிய பள்ளி’ தாள் என்று கட்டுக்கட்டாகக் கைமாறும். துணைப்பாட வகுப்பு ஒன்றில் வாராவாரம் இதையே அச்சடித்துக் கொடுத்தார்கள். படம் மங்கல், விடையிலும் தப்பு. அதைவிடப் பெரிய சிக்கல், இந்தத் தாள்களில் பல உண்மையான பிஎஸ்எல்இயைவிடக் கடினம். ஏற்கெனவே நன்றாகப் போடுகிற பிள்ளைக்குச் சவால், சரி. அறுபது வாங்கும் பிள்ளைக்கு அது வெறும் தண்டனை.

ஏன் என்றால் 2021 முதல் வந்த ஏஎல் கணக்கைப் பாருங்கள். ஏஎல் என்பது மதிப்பெண்ணைப் பிரிக்கும் படி, 1 தான் உயர்ந்தது. 90-உம் அதற்கு மேலும் ஏஎல் 1, 85 முதல் 89 வரை ஏஎல் 2. மேலே ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு படி. கீழே 65 முதல் 74 வரை ஏஎல் 5, 45 முதல் 64 வரை மொத்தமும் ஏஎல் 6. அறுபதில் நிற்கும் பிள்ளை ஐந்து மதிப்பெண் கூடுதலாக எடுத்தால் ஒரு படி ஏறிவிடும். அந்த ஐந்தை முதல் தாளின் சின்னக் கேள்விகளில், கால்குலேட்டர் இல்லாமல் போடும் பின்னத்திலும் பரப்பளவிலும் எடுப்பது எளிது. கடைசிப் பக்கத்துக் கணக்கோடு மல்லுக்கட்டுவது பிறகு இருக்கட்டும். மூத்தவளுக்கு இப்படித்தான் செய்தோம், பலன் தெரிந்தது.

புத்தகத்தில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். நாங்கள் வாங்கிய பதிப்பில் படம் வரைய இடமே போதவில்லை, தனி நோட்டு வைத்துக்கொண்டோம். பின்னால் உள்ள விளக்கங்கள் சில இடங்களில் தலையைச் சுற்றும், நாலு வரியில் முடிவதை அரைப் பக்கம் இழுத்திருப்பார்கள். விடைப் பக்கங்களை முதல் நாளே கிழித்து அலமாரியில் வைத்துவிடுங்கள், காரணம் சொல்லத் தேவையில்லை. அப்புறம், புதிதாக வாங்கியதும் வாரம் மூன்று என்று தாளைத் தீர்த்துவிடாதீர்கள். தவறிய கணக்கைப் பத்து நாள் கழித்து விடை பார்க்காமல் திரும்பப் போடுவதில்தான் காசு வசூலாகும். செப்டம்பர் விடுமுறைக்கென்று இரண்டு தாள் தொடாமல் இருக்கட்டும்.

இப்போது வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2025 வரை முதல் தாள் 1 மணி நேரம், 45 மதிப்பெண். இரண்டாம் தாள் ஒன்றரை மணி நேரம், 55 மதிப்பெண். 2026 முதல் இரண்டுக்கும் தலா 50 மதிப்பெண், நேரம் 1 மணி 10 நிமிடம், 1 மணி 20 நிமிடம். ‘வேகம்’ என்ற பாடம் உயர்நிலைக்குப் போய்விட்டது. ஆகவே பக்கத்து வீட்டில் பழைய தொகுப்பை இலவசமாகக் கொடுத்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள், வேகக் கணக்குகளை அடித்துவிட்டு மற்றதைப் போடலாம். நேரம் வைத்து எழுதிப் பார்க்க மட்டும் புதிய வடிவத்தில் ஒரு மாதிரித் தாள் தனியாக வேண்டும்.