ஹண்டர், நேட், மிக்-21: ஓட்டியவர்களின் நினைவில் மூன்று விமானங்கள்

இந்திய விமானப்படையில் 1960களிலும் 70களிலும் பறந்த போர் விமானிகளின் நினைவுக் குறிப்புகளிலும் பேட்டிகளிலும் மூன்று பெயர்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன: பிரிட்டனின் ஹாக்கர் ஹண்டர், பிரிட்டனில் பிறந்து பெங்களூரில் எச்ஏஎல் தொழிற்சாலையில் பெருகிய ஃபோலண்ட் நேட், சோவியத் மிக்-21. வேகம், உயரம், ஆயுதம் என்று கட்டம் போட்டு எழுதினால் ஒலியைப்போல் இரு மடங்கு வேகத்தை எட்டும் மிக்-21 மற்ற இரண்டையும் எளிதில் பின்தள்ளிவிடும். ஆயினும் மூன்றிலும் பறந்தவர்களிடம், திரும்ப ஒரு முறை எதில் ஏற ஆசை என்று கேட்டால் அதிகம் கிடைக்கும் பதில் ஹண்டர்தான். இதை முதிய வயதின் ஏக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. விமானியின் நினைவு வேகத்தை வைத்து எடை போடுவதில்லை. கை தவறிய கணத்தில் அந்த விமானம் தன்னிடம் எப்படி நடந்துகொண்டது என்பதை வைத்தே எடை போடுகிறது. அந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு மூன்றையும் பார்ப்பது பயனுள்ளது என்று கருதுகிறேன்.

ஹண்டர் 1951 ஜூலையில் முதன்முதலாகப் பறந்தது. வடிவமைத்தவர் சிட்னி காம். 1953 செப்டம்பரில் நெவில் டியூக் அதன் மாற்றியமைக்கப்பட்ட வடிவத்தில் மணிக்கு சுமார் 1,171 கிலோமீட்டர் என்ற உலக வேகச் சாதனையை நிறுவினார். இந்தியா 1957இல் 160 ஹண்டர்களுக்கு ஆர்டர் கொடுத்தது. நேர்மட்டத்தில் ஒலியின் வேகத்தை அது தாண்டாது. தலைகீழாகப் பாய்ந்தால்தான் தாண்டும். அதைக் குறையாகச் சொன்ன ஹண்டர் விமானியை நான் படித்ததில்லை. கைப்பிடியை எவ்வளவு அசைத்தால் எவ்வளவு திரும்பும் என்பதில் ஐயத்துக்கே இடமில்லை என்பதும், எல்லையைத் தொடும் முன்பே விமானம் அதிர்ந்து எச்சரிக்கும் என்பதும் அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் பாராட்டுகள். இருவர் அருகருகே அமரும் பயிற்சி வடிவமும் இருந்ததால், இளம் விமானி தன் முதல் தவறுகளை ஆசிரியரின் கண்முன்னே செய்ய முடிந்தது.

ஹண்டரின் பெருமையில் பாதி அதன் மூக்குக்கு அடியில் இருந்தது. நான்கு 30 மி.மீ. ஏடன் துப்பாக்கிகளும் அவற்றுக்கான குண்டுகளும் ஒரே பெட்டியாகப் பொருத்தப்பட்டிருந்தன. விமானம் தரையிறங்கியதும் ஆயுதப் பிரிவினர் காலியான பெட்டியை வின்ச் வைத்துக் கீழே இறக்கி, நிரப்பிய வேறொரு பெட்டியை மேலே ஏற்றுவார்கள். குழல்கள் மட்டும் விமானத்திலேயே தங்கிவிடும். விமானி இறங்காமலேயே அடுத்த சுற்றுக்குத் தயாராகிவிடலாம். 1971 டிசம்பர் 5 அன்று ராஜஸ்தான் எல்லையிலுள்ள லோங்கேவாலாவில் இது எவ்வளவு பெரிய வசதி என்பது தெரிந்தது. ஜெய்சல்மேரில் இருந்த விரல்விட்டு எண்ணக்கூடிய ஹண்டர்களால் இரவில் தாக்க முடியாது என்பதால், முற்றுகையில் சிக்கிய காலாட்படை விடியும்வரை தாக்குப்பிடிக்க வேண்டியிருந்தது. விடிந்ததும் மாறி மாறிப் பறந்த அதே சில விமானங்கள், மறைவதற்கு இடமில்லாத மணல்வெளியில் பாகிஸ்தான் டாங்கிகளை ராக்கெட்டாலும் துப்பாக்கியாலும் தகர்த்தன. அதே விமானம் 1980களில் 'தண்டர்போல்ட்ஸ்' சாகசக் குழுவாக ஒன்பது ஒன்பதாகச் சேர்ந்து பறந்தது. தரைத் தாக்குதலுக்கும் சாகசத்துக்கும் ஒரே விமானம் ஒத்துழைத்தது என்றால், அதன் பண்பைப் பற்றி வேறு சான்று தேவையில்லை.

நேட் முற்றிலும் வேறு பிறவி. விமானங்கள் ஆண்டுக்கு ஆண்டு கனத்துக்கொண்டும் விலையேறிக்கொண்டும் போவதைக் கண்டு வெறுத்த டபிள்யூ.ஈ.டபிள்யூ. பெட்டர், அதற்கு எதிர்வாதமாக வரைந்த விமானம் அது. இறக்கையின் முழு அகலம் 6.7 மீட்டர், ஹண்டருக்கோ 10 மீட்டருக்கு மேல். புறப்படும் எடையும் ஹண்டரில் பாதிக்கும் குறைவுதான். பிரிட்டிஷ் விமானப்படை அதைப் போர் விமானமாக ஏற்கவில்லை, பயிற்சி விமானமாக மட்டுமே எடுத்துக்கொண்டது. பின்லாந்து ஒரு சிறு தொகுதியை வாங்கியது. பெரிய அளவில் கட்டி, போரில் இறக்கியது இந்தியா மட்டுமே. விமானி உள்ளே அமர்வதைவிட அதை உடுத்திக்கொள்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும், தோள் இரண்டு பக்கமும் உரசும் அளவுக்கு நெருக்கம்.

நேட்டின் நினைவுகளில் பெருமிதமும் எச்சரிக்கையும் சேர்ந்தே வருகின்றன. தனி வேகத்தடுப்புப் பலகை வைக்க இடமில்லாததால் சக்கரங்களையே பாதி இறக்கி, அவற்றின் கதவுகளால் காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடு அதில் இருந்தது. இடத்தை மிச்சப்படுத்தும் புத்திசாலித்தனமான யோசனைதான். ஆனால் இவ்வளவு நெருக்கிக் கட்டிய இயந்திரத்தில் ஒன்று பழுதானால் அது மற்றொன்றையும் இழுத்துக்கொண்டு வரும். ஹைட்ராலிக் அழுத்தம் போய்விட்டால் வாலைக் கையால் இயக்கும் முறைக்கு மாற வேண்டும். அதற்கான படிகளை ஒன்றும் விடாமல், வரிசை மாறாமல் செய்ய வேண்டும். தரைக்கு அருகில் அது நேர்ந்தால் யோசிக்க நேரமே கிடையாது. துப்பாக்கிகள் போரின் நடுவே அடைத்துக்கொண்டதும் உண்டு. பழைய நேட் விமானிகள் இந்தக் குறைகளை மறைப்பதில்லை. தன் எஜமானரைத் தெரிந்த விமானம் என்று அதைப் பற்றி அவர்கள் பேசுவதில் ஒரு கண்டிப்பான அன்பு தெரிகிறது.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம், எதிரியின் கண்ணில் அது படுவதற்குள் காரியம் முடிந்துவிடும் என்பதுதான். 1965 செப்டம்பர் 3 அன்று டிரெவர் கீலர் பாகிஸ்தானின் சேபர் ஜெட் போர் விமானம் ஒன்றை வீழ்த்தியதாக அறிவிக்கப்பட்டதிலிருந்து 'சேபர் ஸ்லேயர்' (சேபர்களைக் கொல்வது) என்ற பட்டம் நேட்டுடன் ஒட்டிக்கொண்டது. அதே நாளில் வேறொரு நேட் பாகிஸ்தானின் பஸ்ரூர் ஓடுதளத்தில் இறங்கிச் சிறைப்பட்டதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த விமானம் இன்றும் கராச்சி அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 1971 நவம்பர் 22 அன்று கிழக்குப் பாகிஸ்தான் எல்லையிலுள்ள போய்ராவுக்கு மேலே, கொல்கத்தாவின் டம்டம்மிலிருந்து எழும்பிய 22ஆம் படையணியின் நான்கு நேட்கள் சில நிமிடங்களில் சேபர்களைச் சிதறடித்தன. பாராசூட்டில் குதித்துப் பிடிபட்ட இரு பாகிஸ்தான் விமானிகளில் ஒருவர் பிற்காலத்தில் அந்நாட்டு விமானப்படையின் தலைமைத் தளபதியானார். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் ஓடுதளத்தில் குண்டுகள் விழுந்துகொண்டிருக்கும்போதே நேட்டை மேலே எழுப்பி, ஆறு சேபர்களைத் தனியே எதிர்கொண்டு உயிர்நீத்த நிர்மல்ஜித் சிங் செகோன்தான் விமானப்படையில் பரம்வீர் சக்கரம் பெற்ற ஒரே வீரர்.

அதே டிசம்பர் 14 அன்று டாக்காவில் மிக்-21களின் ராக்கெட்டுகள் ஆளுநர் மாளிகையின் கூரையைத் துளைத்தன. கிழக்குப் பாகிஸ்தானின் நிர்வாகம் அத்துடன் பதவி விலகியது. அதற்கு இரண்டு நாள் முன்பு, ஜாம்நகர் பக்கம் வந்த பாகிஸ்தானின் எஃப்-104 ஸ்டார்ஃபைட்டர் ஒன்றை பாரத் பூஷன் சோனி தம் மிக்-21இல் துரத்திச் சென்று வீழ்த்தினார். வேகத்தில் இணையான இரு விமானங்கள் மோதிய அந்தச் சண்டை ஹண்டருக்கும் நேட்டுக்கும் வாய்த்திராத ஒன்று. ஆகவே மிக்-21ஐப் பற்றிய நினைவுகளிலும் பெருமைக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றைப் படிக்கும்போது ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

1963இல் சண்டிகரில் 28ஆம் படையணியாக மிக்-21 வந்திறங்கியபோது அதை ஏற்றவர்கள் பொறுக்கி எடுக்கப்பட்ட விமானிகள். பின்னாளில் விமானப்படைத் தளபதியான தில்பாக் சிங் தலைமையில் சோவியத் நாட்டில் பயிற்சி பெற்றவர்கள். பல வகை ஜெட்களில் பழகியவர்கள். உயரத்தை அடியிலும் வேகத்தை 'நாட்' (knot) அளவிலும் படித்துப் பழகிய கண்கள் மீட்டரிலும் கிலோமீட்டரிலும் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்ததைத் தவிர, அவர்கள் அந்த விமானத்தைப் பற்றிப் பெரிதாகக் குறை சொல்வதில்லை. ராக்கெட்டைப்போல் ஏறுகிறது, சொன்னபடி கேட்கிறது என்கிறார்கள். பிற்காலத் தலைமுறையின் குரல் வேறு. கிரண் போன்ற மெதுவான பயிற்சி விமானத்திலிருந்து நேராக மிக்-21க்கு வந்த இருபது வயது இளைஞர்கள் அவர்கள். கிரண் தரையைத் தொடும் வேகத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கில், மணிக்கு 300 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில், முக்கோண இறக்கையுடன் தரையைத் தொட வேண்டும். இறங்கும்போது வேகம் சற்றுக் குறைந்தாலும் விமானம் கல்லாக அமிழும். எஞ்சினின் வேகத்தைக் கூட்டினாலும் அது உடனே மீளாது. இரட்டை இருக்கை வடிவத்தில் பின்னால் அமர்ந்த ஆசிரியருக்கோ முன்பக்கம் தெரியாது; தலைக்கு மேலே நிற்கும் பெரிஸ்கோப் வழியாகத்தான் ஓடுதளத்தைப் பார்த்தாக வேண்டும்.

இடையில் ஒரு படி இல்லாமல் போனதுதான் சிக்கல். மேம்பட்ட ஜெட் பயிற்சி விமானம் வேண்டும் என்று 1980களின் தொடக்கத்திலேயே லா ஃபோன்டெய்ன் குழு பரிந்துரைத்தது. அப்படிப்பட்ட பயிற்சி விமானமான ஹாக் பீதரில் முறைப்படி சேர்க்கப்பட்டது 2008இல்தான். மிக் குடும்பத்து விமானங்களில் பாதிக்கு மேல் விபத்துகளில் போய்விட்டதாகவும், 171 விமானிகள் இறந்ததாகவும் 2012இல் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் அந்தோணி நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். நினைவுக் குறிப்பு எழுதுபவர் திரும்பி வந்தவர் மட்டுமே என்பதை மறந்துவிட்டு மூன்று விமானங்களையும் ஒப்பிடுவது நியாயமாகாது. இருந்தாலும் 'பறக்கும் சவப்பெட்டி' என்று செய்தித்தாள்கள் சூட்டிய பெயரை, அதை ஓட்டியவர்களில் பலர் கோபத்துடன் மறுக்கிறார்கள். அந்தக் கோபத்தில் உண்மை இருக்கிறது. விமானத்தின் குணம் 1963இலும் 1990இலும் பெரிதாக மாறிவிடவில்லை. அதன் இருக்கையில் அமர்ந்தவரின் வயதும் அனுபவமும்தான் மாறியிருந்தன. இதே இளைஞர்கள் இடையில் ஒரு ஆண்டு ஹண்டரில் பழகியிருந்தால் கதை வேறாகியிருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

விமானியின் பக்கம் நின்று தேர்ந்தெடுக்கச் சொன்னால் என் தேர்வு ஹண்டர். கற்றுக்கொடுத்தது, தவறைப் பொறுத்தது, சண்டையிலும் சோடை போகவில்லை. நாட்டின் பக்கம் நின்றால் மிக்-21. அறுபது ஆண்டுக்கும் மேலாக எல்லையைக் காத்த இன்னொரு போர் விமானம் நம்மிடம் இருந்ததில்லை. நம்மூர் வாசகர்களுக்கு அந்தப் பெயர் 2019 பிப்ரவரி 27 அன்று மிக்-21இன் மேம்படுத்தப்பட்ட வடிவமான பைசனில் பறந்த சென்னைக்காரரான அபிநந்தன் வர்தமான் வழியாகவே நெருக்கமானது. அதன் கடைசி விமானங்கள் 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரிலேயே விடைபெற்றன. நேட்டை இந்த இரு பட்டியல்களிலும் முதலிடத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கைத்திறனுக்கு மட்டும் ஒரு பரிசு உண்டென்றால் அது நேட் ஓட்டியவர்களுக்கே சேர வேண்டும்.

செகோன் பறந்த 18ஆம் படையணி 2020 மே மாதம் கோவையை அடுத்த சூலூரில் தேஜஸ் விமானங்களுடன் மீண்டும் தொடங்கப்பட்டது. நேட்டைப் போலவே தேஜஸும் தன் வகையில் சிறியது. மிக்-21ஐப் போலவே முக்கோண இறக்கை கொண்டது. ஆனால் விமானியின் கைத்தவறைக் கணினி இடைமறித்துத் திருத்துகிறது, அதில் ஏறும் இளைஞர்களும் ஹாக்கில் பழகிய பிறகே வருகிறார்கள்.