ஹின்டர்சேயிலிருந்து பிளாவ்ஐஸ் மலைக்குடிலுக்கு: வழிகாட்டியோடு ஒரு பகல் நடை

ஹின்டர்சே ஏரியிலிருந்து பிளாவ்ஐஸ் மலைக்குடிலுக்கு ஏறும் பாதையில் யாரும் வழி தவற மாட்டார்கள். பெரும்பகுதி அகலமான காட்டுச்சாலைதான். பிரியும் இடங்களில் மஞ்சள் பலகை நிற்கும், இன்னும் எவ்வளவு நேரம் நடக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும். இதற்குப் போய் வழிகாட்டிக்குக் காசு கொடுப்பதா என்று மியூனிக் நண்பர்கள் கேட்டார்கள். ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்வந்த பிறகு என் பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். பாதைக்கு வழிகாட்டி தேவையில்லை, அந்தக் காட்டுக்குத் தேவை.

இடம் பெர்க்டெஸ்காடன் தேசியப் பூங்கா. 1978-இல் தொடங்கியது, ஜெர்மனியில் ஆல்ப்ஸ் மலைக்குள் இருக்கும் ஒரே தேசியப் பூங்கா இதுதான். மியூனிக்கிலிருந்து ரயிலில் ஃப்ரைலாஸிங் போய், அங்கே வண்டி மாறி பெர்க்டெஸ்காடனில் இறங்கினால், ஏரிக்கரை வரை பஸ் உண்டு. ஏரி கிட்டத்தட்ட 790 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குடில் சுமார் 1650 மீட்டரில். சாதாரணமாக மூன்று மணி நேர ஏற்றம். எங்களுக்கு நான்கு மணி நேரம் ஆனது. அந்தக் கூடுதல் நேரத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

வழிகாட்டி கிளம்புவதற்கு முன் ஒவ்வொருவர் ஷூவின் அடிப்பாகத்தையும் பார்த்தார். தண்ணீர் இருக்கிறதா, மழைக்கோட்டு இருக்கிறதா என்று கேட்டார். பிறகு அப்பாவைக் கூப்பிட்டுத் தனக்கு அடுத்த ஆளாக நிறுத்திக்கொண்டார். மெதுவாக நடப்பவரைக் கடைசியில் விட்டால் அவர் துரத்திக்கொண்டே வருவார், முன்னால் விட்டால் கூட்டமே அவர் நடைக்கு வந்துவிடும் என்றார். பேசிக்கொண்டே ஏற முடியும் வேகம்தான் சரியான வேகமாம். முதல் அரை மணி நேரம் அப்பாவுக்குப் பொறுமை இல்லை. "ஏங் கண்ணு, இத்தன மெதுவாவா நடப்பாங்க?" என்று இரண்டு தடவை திரும்பிக் கேட்டார். 1359 மீட்டரில் இருக்கும் ஷேர்டன்ஆல்ம் மேய்ச்சல் வீட்டில் உட்கார்ந்தபோது ஒருவருக்கும் மூச்சிரைப்பு இல்லை. அப்புறம் அப்பா அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

காட்டுக்கு வருகிறேன். கீழே பார்த்தால் ஸ்புரூஸ் என்கிற ஊசியிலை மரம்தான் எங்கும். இயற்கையாகவே இப்படித்தான் என்று நினைத்து நான் பலமுறை கடந்து போயிருக்கிறேன். காரணம் உப்பு என்று வழிகாட்டி சொன்னார். பெர்க்டெஸ்காடன் உப்புச் சுரங்கம் 1517-லிருந்து ஓடுகிறது. உப்புநீரைக் காய்ச்ச நூற்றாண்டுக் கணக்கில் விறகு வேண்டியிருந்தது. பீச், ஃபிர் மரங்கள் குறைந்து, சீக்கிரம் வளர்வதும் ஆற்றில் விட்டால் மிதந்து வருவதுமான ஸ்புரூஸ் நிரம்பிவிட்டது. ஒரே இனம் நெருக்கமாக நின்றால் பட்டை வண்டுக்குக் கொண்டாட்டம். செத்து நின்ற ஒரு மரத்தில் பெயர்ந்து கிடந்த பட்டையைப் புரட்டி, உள்பக்கம் தாய் வண்டும் அதன் புழுக்களும் குடைந்த தடத்தைக் காட்டினார். நடுவில் ஒரு நேர்க்கோடு, இரண்டு பக்கமும் மெல்லிய கிளைகள்.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர் அப்பா. சிவப்புக் கூன்வண்டு விழுந்த மரத்தை வெட்டி எரிக்கும் வரை தூங்க மாட்டார். "பட்டுப்போன மரத்த இப்புடியே உட்டா பக்கத்து மரத்துக்கு ஏறாதா? கேளு கண்ணு" என்றார். நான் கேட்டேன். வழிகாட்டி பையை இறக்கி வைத்துவிட்டுப் பதில் சொன்னார். பூங்காவின் மையப் பகுதியில் மனிதர் கை வைப்பதில்லை. வண்டு தின்ற மரம் விழுந்தால் வெளிச்சம் இறங்கும், அந்த இடத்தில் மேப்பிளும் பீச்சும் முளைக்கும். பூங்காவுக்கு வெளியே தனியார் காடு இருப்பதால், எல்லையோரப் பகுதியில் மட்டும் வண்டு பிடித்த மரத்தை உடனே வெட்டி அகற்றுகிறார்கள். எல்லையில் காவல் உண்டு என்றதும்தான் அப்பா தலையாட்டினார். கொஞ்ச தூரம் தள்ளி ஒரு ஸ்புரூஸ் தண்டைச் சுற்றி வளையம் வளையமாகத் துளைகள் இருந்தன; மூவிரல் மரங்கொத்தியின் வேலை. பட்டை வண்டின் புழுதான் அதற்கு முக்கியத் தீனி. ஒரு மரத்தடியில் இருபது நிமிடம் நின்றிருப்போம். தனியாகப் போயிருந்தால் இருபது நொடியில் தாண்டியிருப்பேன்.

மேய்ச்சல் வீட்டுக்கு மேலே ஏற்றம் செங்குத்து, படிகள் உண்டு. லார்ச் மரங்கள் இடைவெளி விட்டு நிற்கின்றன. பிறகு இடுப்புயரக் குட்டைப் பைன் புதர்கள். அதைத் தாண்டினால் 2607 மீட்டர் ஹோக்கால்டர் மலையின் பாறைச் சுவர் எதிரே எழும்புகிறது, அதன் மடியில் குடில். பழைய குடிலை 1955-இல் பனிச்சரிவு அழித்துவிட்டது. இப்போதிருப்பது அதற்குப் பிறகு கட்டியது. சூப் சூடாக இருந்தது, கேக் மிக நன்றாக இருந்தது. அசைவம் தொடாத அப்பா கைசர்ஷ்மாரன் என்கிற, பிய்த்துப் போட்ட இனிப்புத் தோசையை முழுத் தட்டும் சாப்பிட்டார்.

குடிலுக்கு மேலே உள்ள பிளாவ்ஐஸ், ஆல்ப்ஸின் வடகோடிப் பனியாறு. சுருங்கிச் சுருங்கி இரண்டு துண்டாகிவிட்டது. இந்தப் பவேரியா மாநிலத்தின் இன்னொரு பனியாறான தெற்கு ஷ்னேஃபெர்னர் 2022-இல் பனியாறு என்ற தகுதியையே இழந்தது. ஐஸைத் தொட்டுப் பார்க்கலாமா என்று குழுவில் இளைஞர்கள் இருவர் கேட்டார்கள். கல் உருளும் இடம், இந்த நடை குடிலோடு சரி என்று வழிகாட்டி அசைந்து கொடுக்கவில்லை. அந்த உறுதி எனக்குப் பிடித்தது.

குறைகளும் உண்டு. பதினான்கு பேர் அதிகம். மரங்கொத்தித் துளைகளைப் பின்னால் இருந்தவர்கள் பார்க்கவே இல்லை. எட்டுப் பேரோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆங்கிலத்திலும் விளக்கம் என்று முன்பதிவில் போட்டிருந்தார்கள், ஆனால் நீளமாகப் பேசியதெல்லாம் ஜெர்மனில்தான், ஆங்கிலத்தில் சுருக்கம் மட்டுமே. நான் மொழிபெயர்த்திராவிட்டால் அப்பாவுக்குப் பாதி போயிருக்கும். நடைக்குச்சிகள் எல்லோருக்கும் போதவில்லை. வந்த வழியே இறங்கும்போது 860 மீட்டரும் முழங்காலில்தான் இறங்குகிறது, அதனால் குச்சி வேண்டும் என்று பதிவு செய்யும்போதே எழுதிக் கேளுங்கள்.

பூங்கா நிர்வாகமே நடத்தும் நடைகளும் இருக்கின்றன, பெரும்பாலும் இலவசம். ஜெர்மன் புரிந்தால் முதலில் அவற்றைப் பாருங்கள். குடிலைத் தொட்டுவிட்டு மதியத்துக்குள் இறங்க நினைப்பவர்கள் வழிகாட்டியோடு போக வேண்டாம், எரிச்சல்தான் மிஞ்சும். குடில் கோடைப் பருவத்தில்தான் திறந்திருக்கும், தேதியைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். இறங்கிய பிறகு காலில் தெம்பிருந்தால் பக்கத்திலேயே கிளவுஸ்பாக் பள்ளத்தாக்கு. 2021 முதல் தாடிப் பாறு கழுகுக் குஞ்சுகளை வளர்த்துப் பறக்கவிடுவது அங்கேதான். அன்று எங்களுக்குத் தென்படவில்லை. அடுத்த முறை அப்பா வரும்போது முதலில் அங்கே போகிறோம்.