தி க்ரூக்கட் ரோடு: வர்ஜீனிய மலையூர்களின் இசைப் பாதை

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்துத் தென்மேற்கு மலைப்பகுதியில், நிலக்கரியும் புகையிலையும் நெசவாலைகளும் தந்த பிழைப்பு சுருங்கிப்போன நிலையில், தங்கள் பாட்டையும் ஆட்டத்தையும் வெளியூராருக்கு ஒன்றுகூடி அறிவிக்கும் நோக்கத்துடன் 2004-ஆம் ஆண்டில் உருவான சுற்றுலாத் திட்டம் ‘தி க்ரூக்கட் ரோடு’. ஏறத்தாழ 330 மைல் நீளும் இப்பாதையில் பான்ஜோ என்னும் நரம்பிசைக் கருவியின் படம் பொறித்த பலகைகள் வழிகாட்டுகின்றன.

ஊரார் தமக்காக நடத்திவந்த மாலைக் கூடல்களை அவற்றின் இயல்பு கெடாமல் விருந்தினருக்குத் திறந்துவிட்டதே இதன் பெருஞ்சிறப்பு என்பேன். ஃபிளாய்ட் என்னும் சிற்றூரின் பழைய பலசரக்குக் கடையில் வெள்ளிக்கிழமைதோறும் முதலில் கிறித்தவ பக்திப் பாடல்கள் ஒலிக்கின்றன. அவை முடிந்ததும் பிடிலும் பான்ஜோவும் வேகமெடுக்க, அடியில் உலோகத் தகடு பொருத்திய காலணிகளோடு முதியவர்களும் சிறுவர்களும் ஒரே மரத்தளத்தில் இறங்கித் தாளம் தட்டி ஆடுகிறார்கள். பார்வையாளர், ஆடுபவர் என்ற பிரிவு அங்கே வெகுநேரம் நிற்பதில்லை.

ஹில்டன்ஸ் அருகிலுள்ள கார்ட்டர் ஃபேமிலி ஃபோல்டு அரங்கைத் தவறவிடவே கூடாது. 1927-இல் பிரிஸ்டல் நகரில் ஒலிப்பதிவு செய்து புகழ்பெற்ற கார்ட்டர் குடும்பத்தின் மூத்தவரான ஏ. பி. கார்ட்டருக்குக் கொடுத்த வாக்கைக் காக்க, அவர் மகள் ஜேனட் 1970-களில் தொடங்கிய சனிக்கிழமைக் கச்சேரி இது. மதுவுக்கு அங்கே இடமில்லை. மின்னிசைக் கருவிகளும் கூடாது என்பது மரபு. புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் 2003 ஜூலையில் கடைசியாகப் பாடிய மேடையும் இதுவே. இங்கே கேட்டுவிட்டு, மறுநாள் பிரிஸ்டலின் அருங்காட்சியகத்தில் அந்த ஒலிப்பதிவுகளின் வரலாற்றைப் பார்க்கும்போதுதான், தனித்தனி அரங்குகளை ஒரே வரைபடத்தில் கோத்ததன் பயன் முழுமையாகப் புரியும்.

குறை என்று பார்த்தால், கூட்டு விளம்பரம் இருக்கும் அளவுக்கு நாட்களைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இல்லை. ஃபிளாய்டைப் போலவே கேலக்ஸ் நகரின் ரெக்ஸ் அரங்கும் வெள்ளிக்கிழமை மாலையையே தன் நாளாகக் கொண்டிருப்பதால், தொலைவிலிருந்து வருபவர் இரண்டில் ஒன்றை இழந்தே ஆகவேண்டும். வார நடுவில் வருவோருக்குக் கோடையில் கேலக்ஸ் அருகே ப்ளூ ரிட்ஜ் இசை மையத்தில் நடக்கும் நண்பகல் இசை ஓரளவு ஈடுகட்டும். சொந்தமாகவோ வாடகைக்கோ கார் இல்லாதவருக்கு இப்பாதை எட்டாது என்பதும் உண்மை.

வெள்ளியன்று ஃபிளாய்டு, சனியன்று ஹில்டன்ஸ் என்று திட்டமிடுங்கள். 1935 முதல் கேலக்ஸில் நடந்துவரும் பிடில் கலைஞர்கள் மாநாடு ஆகஸ்டில் வருவதால், அப்போது செல்வோர் தங்குமிடத்தை முன்கூட்டியே பதிவு செய்துகொள்வது நல்லது.