பெங்களூர்ல கெமிக்கல் இன்ஜினியரிங், பயோடெக் எலெக்டிவோட: நாலு வருஷம் முடிச்சவனோட ரிவ்யூ

ரேட்டிங்க முதல்லயே சொல்லிடுறேன். பாடத்துக்கு 5க்கு 4.5, லேபுக்கு 2, ப்ளேஸ்மென்ட்டுக்கு 2.5. சராசரி போட்டா 3 வரும், அரை மார்க் பாசத்துக்காக சேர்த்து 3.5. காலேஜ் பேர் போடல, பெங்களூர்ல ஒரு தனியார் காலேஜ்னு மட்டும் வெச்சுக்கோங்க, பக்கத்து காலேஜ் பசங்ககிட்ட பேசினப்பவும் ஏறக்குறைய இதே கததான் சொன்னாங்க.

ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் இருந்து காமெட்கே, அதாவது கர்நாடகா தனியார் இன்ஜினியரிங் காலேஜுங்களுக்கான என்ட்ரன்ஸ், எழுதிட்டு வர்ற பசங்களும் அவங்க அப்பாமாரும் கேக்குற ஒரே கேள்வி, கெமிக்கல் எடுக்கவா பயோடெக் எடுக்கவா. என் பதில் கெமிக்கல் எடு, பயோவ மேல போட்டுக்கோ. ஆனா எதுக்கு காசு குடுக்குறோம்னு தெரிஞ்சு சேரணும். ப்ராஸ்பெக்டஸ் அட்டைல டிஎன்ஏ முறுக்கிட்டு நிக்கும், வெள்ளக் கோட்டு போட்ட பொண்ணு பிப்பெட் புடிச்சுட்டு சிரிக்கும், உள்ள போனா ரெண்டு வருஷம் பம்ப், வால்வு, ஹீட் எக்ஸ்சேஞ்சர், மெட்டீரியல் பேலன்ஸ்தான். ஒரு பாக்டீரியாவ கூட கண்ணுல காட்ட மாட்டாங்க. என் பக்கத்து சீட்டுக்காரன் ஜீன் எடிட்டிங் கனவோட வந்தவன், மூணாவது செம்ல ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேக்லாக் வந்ததும் வெறுத்துட்டான். அவன் மேல தப்பு சொல்ல மாட்டேன், வித்தவங்க சரியா சொல்லி விக்கல.

பன்னெண்டாவதுல பயாலஜி எடுக்கலையேன்னு பயப்படாதீங்க, மேத்ஸ், ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி போதும், தேவையான மைக்ரோபயாலஜிய ஒரு செம்ல புடிச்சிடலாம். மேத்ஸ் வராதுன்னு ஒதுங்கி இங்க வராதீங்க, அது மட்டும் நடக்காது.

ஆறாவது செம்ல பயோகெமிக்கல் இன்ஜினியரிங் பேப்பர் வந்தப்பதான் அதுவரைக்கும் படிச்சதெல்லாம் எதுக்குன்னு புரிஞ்சுது. பாக்டீரியா திங்கிற சர்க்கரைய தண்ணில லிட்டருக்கு நூத்துக்கணக்குல கிராம் கரைச்சு வெச்சிடலாம், ஆனா அது மூச்சு விட வேண்டிய ஆக்ஸிஜன், காத்து பட்டுட்டே இருக்கிற 30 டிகிரி தண்ணில லிட்டருக்கு 8 மில்லிகிராம் கூட கரையாது. நல்லா அடர்த்தியா வளர்ந்த கல்ச்சர் அத சில வினாடில காலி பண்ணிடும். அதனால நிறுத்தாம காத்த தள்ளிட்டே இருக்கணும், கீழ ஸ்பார்ஜர், அதாவது மீன் தொட்டில குமிழி விடுற குழாயோட பெரிய அண்ணன், அதுக்கு மேல ரஷ்டன் டர்பைன்ங்கிற விசிறி சுத்தி குமிழிய பொடிப்பொடியா உடைக்கணும், அப்பதான் காத்துல இருந்து தண்ணிக்கு ஆக்ஸிஜன் வேகமா இறங்கும். அந்த வேகத்துக்குத்தான் கேஎல்ஏன்னு பேரு. அஞ்சாவது செம்ல மாஸ் டிரான்ஸ்ஃபர்ல மனப்பாடம் பண்ணி பாஸ் பண்ண அதே சமாச்சாரம் இங்க உயிரோட வந்து நிக்குது.

அடுத்தது சூடு. செல்லு வளர்ந்தா சூடு வரும். டேங்கோட நீள அகலம் உயரம் மூணையும் 10 மடங்கு ஆக்கினா உள்ள இருக்கிறது 1000 மடங்கு, சூடு வெளிய போற மேல்பரப்பு 100 மடங்குதான். லேப்ல ஃப்ளாஸ்க்ல ஜம்முனு வளர்ந்தது பெரிய டேங்க்ல வெந்து சாகுறதுக்கு இதுதான் காரணம், டேங்க சுத்தி குளிர் தண்ணி ஓடுற ஜாக்கெட் பத்தாம உள்ளயே கூலிங் காயில் போடுறாங்க. பயோடெக் மட்டும் படிச்ச பசங்களுக்கு அந்த செல்லுக்குள்ள என்ன நடக்குதுன்னு நம்மள விட பத்து மடங்கு தெரியும், ஒத்துக்கிறேன், ஆனா அந்த காயில எத்தன மீட்டர் போடணும்னு கேட்டா நம்ம பக்கம்தான் திரும்புவாங்க.

இது புதுசா வந்த கத இல்ல. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல பென்சிலின சின்னச் சின்ன பாட்டில்ல வளர்த்துட்டு இருந்தாங்க, பத்தவே இல்ல. 1944ல ஃபைசர் கம்பெனி ப்ரூக்ளின்ல ஒரு பழைய ஐஸ் ஃபேக்டரில ஆழமான டேங்குகள்ல வளர்க்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் மருந்து தாராளமா வந்துச்சு. அப்படி பெரிய அளவுல பென்சிலின் எடுக்குற முதல் ப்ளான்ட்ட டிசைன் பண்ணவங்க மார்கரெட் ஹட்சின்சன், பெட்ரோலியம் ரிஃபைனரி பக்கமும் வேல பாத்த கெமிக்கல் இன்ஜினியர். எங்க ஹெச்ஓடி இத ஒரு நாள் போற போக்குல சொன்னாரு, சிலபஸ்ல கிடையாது. இருந்திருக்கணும்.

இப்ப லேபுக்கு வர்றேன், கடுப்பும் இங்கதான். அஞ்சு லிட்டர் கண்ணாடி ஃபெர்மென்டர், அதாவது செல்லு வளர்க்குற டேங்க், ஒண்ணு இருந்துச்சு, பளபளன்னு, மேல ப்ளாஸ்டிக் கவர். டிஓ, அதாவது தண்ணில கரைஞ்ச ஆக்ஸிஜன், அத அளக்குற ப்ரோப் செத்துப் போயி எவ்வளவு காலம்னு லேப் அட்டெண்டருக்கே தெரியல, பிஎச் ப்ரோப் காஞ்சு கெடந்துச்சு. காலேஜுக்கு தரம் போடுற நாக் டீம் வந்த அன்னைக்கு கவர எடுத்து தண்ணி ஊத்தி சுத்த விட்டாங்க, அழகா இருந்துச்சு. நாங்க செஞ்சதெல்லாம் ஷேக்கர்ல ஃப்ளாஸ்க் வெச்சு 600 நானோமீட்டர் வெளிச்சத்துல கலங்கல அளந்து (இதுக்கு ஓ.டி.ன்னு பேரு) க்ரோத் கர்வ் போடுறது, சோடியம் ஆல்ஜினேட்ட கால்சியம் குளோரைடுல சொட்டு சொட்டா விட்டு என்சைம உருண்டைக்குள்ள அடைக்கிறது, அப்புறம் ஆட்டோகிளேவ், 121 டிகிரி, 15 நிமிஷம். மோசமில்ல, ஆனா வைவால கேஎல்ஏ எப்படி அளப்பனு கேட்டா டைனமிக் மெத்தட்னு எல்லாரும் ஒப்பிப்போம், ஒருத்தனும் அளந்து பாத்ததில்ல.

அந்த குறைய தீத்தது இன்டர்ன்ஷிப். ஜிகனி பக்கம் ஒரு என்சைம் கம்பெனி, பேர் வேணாம், காலேஜ் மூலமா கெடைக்கல, எங்க சீனியர் அக்கா ஒருத்தங்க சொல்லி வாங்கிக் குடுத்தது. ஷிஃப்ட் பாத்துக்கிட்டவரு தர்மபுரிக்காரர், பட்டப்படிப்பு கிடையாது, ஆனா டேங்க் சத்தத்த வெச்சே உள்ள என்னன்னு சொல்லுவாரு. ஒரு நைட் ஷிஃப்ட்ல டிஓ சரசரன்னு எறங்குது, நுரையும் மேல ஏறுது, நான் பதறி ஆன்டிஃபோம் பம்ப் பக்கம் போறேன்.

"தம்பி, கண்ட மேனிக்கு அத விடாத. நுரை அடங்கும், கூடவே டிஓவும் படுத்துரும். மொதல்ல ஆர்பிஎம்ம ஏத்து, அப்புறம் ஏர பாரு."

"ஏன்ணா படுக்குது?"

"படிச்சவன் நீ, என்னைக் கேட்டா?"

ஷிஃப்ட் முடிஞ்சு ரூமுக்கு போயி யோசிச்சா பதில் மாஸ் டிரான்ஸ்ஃபர் நோட்ஸ்லயே இருக்கு. ஆன்டிஃபோம் பட்டா குட்டிக் குமிழிங்க ஒண்ணோட ஒண்ணு சேந்து பெருசாயிடும், மொத்த பரப்பு குறையும், கேஎல்ஏ விழும். மூணு வருஷ க்ளாஸ விட அந்த ஷிஃப்ட் எனக்கு பெருசு. இது மாதிரி ஒரு மாசம் கெடைச்சாலே இந்த டிகிரிக்கு குடுத்த காசுல ஒரு பங்கு திரும்பி வந்த மாதிரி.

டவுன்ஸ்ட்ரீம் பத்தி யாரும் சேரும்போது சொல்ல மாட்டாங்க. டேங்க்ல வளர்க்குறது பாதி வேலதான், அதுல இருந்து வேணுங்கிற புரோட்டீன மட்டும் பிரிச்சு சுத்தமா எடுக்குறதுலதான் நெறைய மருந்துகளுக்கு செலவு எகிறுது, சென்ட்ரிஃபியூஜ், ஃபில்டர், குரோமடோகிராஃபி காலம்னு வரிசையா. ஆன்டிபாடி மருந்த காலம்ல புடிச்சு பிரிக்கப் போடுற புரோட்டீன் ஏ ரெசின் வெலைய கேட்டா தல சுத்தும். எங்களுக்கு இது ஒரே ஒரு எலெக்டிவ், அதுவும் ப்ரொஜெக்டர்ல ஸ்லைட் தள்ளி முடிச்சிட்டாங்க. அரை ஸ்டார் கட்.

ஊருக்கு மட்டும் தனியா மார்க் போடணும்னா 5க்கு 5. 1978ல ஒரு வாடகை கராஜ்ல பப்பாளில இருந்து பாப்பைன் என்சைம் எடுத்து ஆரம்பிச்ச பயோகான் இன்னைக்கு ஹெப்பகோடி, பொம்மசந்திரா பக்கம் பரந்து கெடக்கு, பிச்சியான்னு ஒரு ஈஸ்ட்ட வெச்சு இன்சுலின் பண்றாங்க. 2025 ஆகஸ்ட்ல இருந்து ஆர்வி ரோடு டு பொம்மசந்திரா மஞ்ச லைன் மெட்ரோ ஓடுது, அதுக்கு முன்னாடி சில்க் போர்டு ட்ராஃபிக்ல நின்ன பாவத்த சொல்லி மாளாது. ஜிகேவிகே கேம்பஸ்ல என்சிபிஎஸ், சிகேம்ப்னு உயிரியல் ஆராய்ச்சி இடங்க எல்லாம் இருக்கு, ஐஐஎஸ்சி ஓபன் டே அன்னைக்கு யாரு வேணா உள்ள போலாம், காலேஜ் லேப்ல பாக்காதத அங்க போயி பாத்துட்டு வாங்க. மொழி பத்தி சில பேரு பயப்படுவாங்க, கன்னடம் தெரியாதவங்களுக்கு பளகே கன்னடான்னு ஒரு பேப்பரே உண்டு, ஒழுங்கா படிங்க, ப்ளான்ட்ல ஆப்பரேட்டர்கிட்ட பேச உதவும். ஓசூர் ரோடு பக்கம் தமிழும் ஓடும்.

வேல விஷயத்துல ஏமாத்திக்க வேணாம். என் கிளாஸ்ல பாதிக்கு மேல சாஃப்ட்வேர் போயிட்டாங்க, ஏன்னா கேம்பஸுக்கு வந்தது அவங்கதான். பயோ கம்பெனில டிரெய்னியா சேந்தா சம்பளம் ஐடிய விட கம்மி, நைட் ஷிஃப்ட் உண்டு, பேட்ச் ரெக்கார்ட்ல ஒரு கையெழுத்து விட்டுப் போனா குவாலிட்டிக்காரங்க உயிர எடுத்துருவாங்க. ஆனா கெமிக்கல் டிகிரியோட பலமே பயோ கெடைக்கலனா பெயின்ட், சோப்பு, ரிஃபைனரி, வாட்டர் ட்ரீட்மென்ட்னு ஓட வழி இருக்கிறது. டிகிரி முடிக்கிறவங்க எழுதுற கேட் (GATE) பரீட்சைல கெமிக்கல் பேப்பர் எழுதலாம், அத வெச்சு ஆள் எடுக்குற பொதுத்துறை கம்பெனிங்களும் உண்டு, பயோடெக் பேப்பர வெச்சு அப்படி கூப்பிடுறது அரிது. எங்க அம்மா இன்னும் சொந்தக்காரங்ககிட்ட "பையன் மருந்துக்கடை படிப்பு"ன்னுதான் சொல்லிட்டு இருக்காங்க, அத மாத்த முடியல.

சேர்றதுக்கு முன்னாடி காலேஜுக்கு நேர்ல போனீங்கன்னா ஏசி செமினார் ஹால்ல உக்கார வெச்சு வீடியோ போடுவாங்க, எந்திரிச்சு பயோ லேப் எங்கன்னு கேளுங்க. ஃபெர்மென்டர் கடைசியா எப்ப ஓடுச்சு, அந்த ரன்னோட டிஓ கிராஃப் இருக்கான்னு கேளுங்க, மூணாவது வருஷப் பசங்கள்ல எத்தன பேர் கைல ப்ரோப் கேலிபரேட் பண்ணிருக்காங்கன்னு கேளுங்க. அட்டெண்டர் சாவி தேடப் போயிட்டாருன்னா கவுன்சிலிங்ல காலேஜ வரிசைப்படுத்திக் குடுக்குற ஆப்ஷன் என்ட்ரில அந்த காலேஜ கீழ தள்ளிடுங்க.