பழைய கார் எஞ்சினுக்கு எந்தப் பச்சை? டப்பா, ஷேடு கார்டு, பிளாக்கில் ஒட்டியிருக்கும் மிச்சம்

மதுரையில் மோரிஸ் மைனரையோ முதல் தலைமுறை அம்பாசடரையோ புதுப்பிக்கிறவர்கள் பாடி நிறத்துக்காக மாதக்கணக்கில் அலைவார்கள். எஞ்சினுக்கு மட்டும் பெயிண்டர் கையில் இருக்கும் சில்வர் போதும் என்று விட்டுவிடுவார்கள். அந்த வண்டிகளின் அழகில் பாதி பானெட்டுக்கு அடியில்தான் இருக்கிறது.

சரியான நிறத்துக்கு மூன்று வழிகள் உண்டு. பிரிட்டனில் 'பிஎம்சி கிரீன்' (பிஎம்சி என்பது மோரிஸின் தாய் நிறுவனமான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) என்று பெயர் போட்டு விற்கும் டப்பாவை வரவழைக்கலாம். ஷேடு கார்டில், அதாவது நிற மாதிரி அட்டையில், எண் பார்த்து உள்ளூரில் வாங்கலாம். பிளாக்கிலேயே, அதாவது எஞ்சினின் வார்ப்பிரும்பு உடலிலேயே, ஒட்டியிருக்கும் பழைய பெயிண்டைக் காட்டிக் கலக்கச் சொல்லலாம். எங்கள் ஓட்டு மூன்றாவதற்கு.

காரணம், எஞ்சின் பெயரை மட்டும் வைத்து நிறம் சொல்ல முடியாது. மோரிஸ் மைனரின் ஏ சீரிஸ் எஞ்சின் பச்சை. எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் வந்த பி சீரிஸ் முதலில் மரூன், பிறகு கருப்பு. அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினும் அதே பி சீரிஸ் குடும்பம்தான். செவ்ரொலே எஞ்சின் பெயிண்ட் என்று தேடினால் ஆரஞ்சுதான் கண்ணில் படும். அது 1955-இல் தொடங்கிய வி8 எஞ்சின்களின் நிறம். 1940-களின் ஆறு சிலிண்டர் வண்டிக்குச் சாம்பல்தான் பொருந்தும். முதலில் ஆர்சி புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணையும் பிளாக்கில் உள்ள எண்ணையும் ஒத்துப் பாருங்கள். நடுவில் எஞ்சின் மாறிய வண்டிகள் நம் பக்கம் ஏராளம்.

வெளிநாட்டு டப்பா பிளாக்கில் எந்தத் தடயமும் மிஞ்சாத வண்டிக்குத்தான். ஸ்பிரே கேன் தீப்பற்றும் பொருள் என்பதால் தபால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். கப்பலில் வர வேண்டும், காசும் காலமும் கரையும். அத்தனைக்குப் பிறகும் ஒரு தயாரிப்பாளரின் பச்சை இன்னொருவரின் பச்சையோடு ஒத்துப்போகாது.

ஷேடு கார்டு வழி மலிவு. இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 5 நிற அட்டையில் 226 நடுத்தர பிரன்சுவிக் பச்சை, 227 அடர் பிரன்சுவிக் பச்சை. பெயிண்ட் கடையில் எண்ணைச் சொன்னால் போதும். ஆனால் கிடைப்பது கிட்டத்தட்ட அந்த நிறம்தான்.

மூன்றாவது வழியில் மிக முக்கியமானது நேரம். ரீபோர் செய்ய (தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து சீராக்க) பிளாக்கை அனுப்பினால் காஸ்டிக் தொட்டியில் போட்டுக் கழுவுவார்கள். அதோடு பழைய பெயிண்ட் முழுக்கப் போய்விடும். ஆகவே எஞ்சினை இறக்கிய அன்றே சாம்பிள் எடுங்கள். டைனமோவுக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கும் பின்னால் மறைந்த பிளாக் முகம், சம்ப் (அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) ஓரத்தின் மேல்பக்கம் ஆகிய இடங்களில் எண்ணெய் அழுக்குக்கு அடியில் பெயிண்ட் பத்திரமாக இருக்கும். மண்ணெண்ணெயும் நைலான் பிரஷும் போட்டுக் கழுவி, பிறகு சோப்புத் தண்ணீர். தின்னர் வேண்டாம், அது பழைய எனாமலையே கரைத்துவிடும்.

காய்ந்ததும் 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் ஒரே இடத்தில் மெல்லத் தேயுங்கள். அடுக்குகள் வளையம் வளையமாகத் தெரியும். வெளி வளையம் கடைசியாக அடித்தது, நடு வளையம் முதலில் அடித்தது. சிவப்பு ஆக்சைடு பிரைமருக்கு மேல் பச்சை இருந்தால் அது பெரும்பாலும் உள்ளூர்ப் பட்டறை வேலை. அதற்கும் கீழே தேடுங்கள். மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் எடுக்காதீர்கள், சூட்டில் பச்சை பழுப்பாகியிருக்கும்.

கடையின் கலர் ஸ்கேனருக்கு ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சமமான இடம் வேண்டும். வார்ப்பின் சொரசொரப்பில் வைத்தால் தப்பாக வாசிக்கும். டேப்பட் பக்கவாட்டு மூடி போன்ற தகடு கிடைத்தால் அதையே கொண்டுபோங்கள். கலவையை ஒரு தகரத்தில் அடித்து, முழுக்கக் காய்ந்த பிறகு காலை வெளிச்சத்தில் நிழலில் வைத்துப் பாருங்கள். டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரியும் இரண்டு பச்சைகள் வெளியே வந்ததும் வேறாகிவிடும்.

எந்த ரகப் பெயிண்டில் கலப்பது?

டுகோ எனப்படும் நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட் வேண்டவே வேண்டாம். கார்புரேட்டரில் கசியும் பெட்ரோலே அதைக் கெடுத்துவிடும். சிந்தெடிக் எனாமலின் மென்பளபளப்பு அந்தக் காலத் தோற்றத்துக்கு நெருக்கம், பிரஷ்ஷிலும் அடிக்கலாம். ஆனால் ஃப்யூவல் பம்ப் ஓரத்தில் மிருதுவாகி உரியும், நாளாக மஞ்சளிக்கும். அறுநூறு டிகிரி தாங்கும் என்று விற்கும் சிலிக்கான் பெயிண்டைப் பிளாக்குக்கு அடிப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. அது இறுக ஏறக்குறைய 200 டிகிரி சூடு வேண்டும். பிளாக் 100 டிகிரியை ஒட்டியே நிற்பதால் பெயிண்ட் கடைசிவரை இறுகாது, பெட்ரோல் துணியால் துடைத்தால் கையோடு வரும். அதை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பவுடர் கோட்டிங் வால்வு மூடிக்குச் சரி. பிளாக்கில் வார்ப்பின் முகத்தையே மூடிவிடும்.

மிஞ்சுவது 2கே பியு, அதாவது ஹார்டனர் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பெயிண்ட். பிளாக் சூட்டையும் பெட்ரோலையும் தாங்கும். அதன் கண்ணாடிப் பளபளப்பு மட்டும் பொருந்தாது. பளபளப்பைக் குறைக்கும் மேட்டிங் சேர்த்து அரைப் பளபளப்பாக்குங்கள். மேட்டிங் நிறத்தைச் சற்று வெளிறக் காட்டும், ஆகவே அதைச் சேர்த்த பிறகே பழைய சாம்பிளோடு ஒப்பிடுங்கள்.

நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு அரை லிட்டர் நிறமும் கால் லிட்டர் எபாக்ஸி பிரைமரும் தாராளம். வார்ப்பிரும்பின் துளைகளில் எண்ணெய் ஊறிக் கிடக்கும். ஹாட் ஏர் கன்னால் சூடாக்கி, கசிவதைத் தின்னரில் துடைத்து, இன்னொரு முறையும் அதையே செய்யுங்கள். விட்டால் பெயிண்டில் மீன்கண் (வட்ட வட்டமான குழிகள்) விழும். கேஸ்கட் முகங்கள், எஞ்சின் எண், எர்த் ஒயர் பிடிக்கும் இடம் மூன்றையும் டேப் ஒட்டி மறையுங்கள். 1.4 மில்லிமீட்டர் நாசில், மெல்லிய இரண்டு கோட், நடுவில் கால் மணி நேரம். சித்திரை வெயிலில் மதியம் அடித்தால் துளி பரப்பில் விழும் முன்பே காய்ந்து சொரசொரப்பாகும்; விடியற்காலையில் அடியுங்கள், ஸ்லோ தின்னர் கேளுங்கள். ஐப்பசி மழையில் ஹார்டனர் ஈரத்தோடு வினைபுரிந்து குமிழ் விடும், அந்த மாதம் தள்ளிப்போடுவது நல்லது. ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற நுரையீரலைக் கெடுக்கும் ரசாயனம் உண்டு. முகத்தில் கட்டும் கைக்குட்டை அதைத் தடுக்காது. ஆவி வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் இல்லாமல் கன்னைத் தொடாதீர்கள். அடித்து ஒரு வாரம் ஆகும்வரை பெட்ரோல் படக் கூடாது.