மோனேயின் சூரியகாந்திப் பாதை: இலவசக் கோப்பும் கேன்வாஸ் அச்சும்

கிளாட் மோனே 1881இல் வரைந்த, பிரான்ஸின் வெத்தேய் ஊரிலிருந்த தன் தோட்டத்தின் ஓவியம் வாஷிங்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. இருபுறமும் சூரியகாந்தி, நடுவே படிகளை நோக்கி ஏறும் பாதை, அதில் பொம்மை வண்டியோடு ஒரு சிறுவன். காப்புரிமைக் காலம் முடிந்த படம் என்பதால், கேலரியே தன் தளத்தில் கோப்பை இலவசமாகத் தருகிறது. ரெடிமேட் போஸ்டருக்குச் செலவழிப்பதைவிட இதை இறக்கி கேன்வாஸில் அச்சிடுவதே மேல்.

முக்கியக் காரணம், அளவு. அசல் ஏறக்குறைய 151 செ.மீ. உயரம், 121 செ.மீ. அகலம், அதாவது 5:4. இது 20×16, 30×24 அங்குலங்களில் வெட்டில்லாமல் உட்காரும். 36×24 போஸ்டரை நிரப்ப அகலத்தில் ஆறில் ஒரு பங்கை வெட்டியாக வேண்டும். போவது ஓரத்துச் சூரியகாந்திகள். செடிகள் இருபுறமும் நெருக்குவதால்தான் அந்தப் பாதைக்கு ஆழமே வருகிறது.

20×16க்கு 3000×2400 பிக்சல் போதும். சட்டத்தில் மடிக்கப் பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் கூடுதலாக வேண்டும். அதைப் படத்திலிருந்தே எடுத்தால் மறுபடியும் பூக்கள்தான் பலி. மடிப்புக்கு 'மிரர் எட்ஜ்' (படத்தின் ஓரத்தையே கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அச்சிடுவது) அல்லது வெள்ளை ஓரம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பெரும்பாலும் கெடுவது நிறத்தில். பாதையில் விழும் நிழலை மோனே கறுப்பாகப் பூசவில்லை. நீலமும் ஊதாவுமாகத் தீட்டியிருக்கிறார். கடையின் 'ஆட்டோ கரெக்‌ஷன்' அந்த ஊதாவைக் கேமராக் கோளாறாக எடுத்துக்கொண்டு நீக்கிவிடும். நிழல் சேற்று நிறத்துக்கு வரும், வெயிலும் கூடவே மங்கும். திருத்தமே வேண்டாம் என்று சொல்லி, எஸ்ஆர்ஜிபி (sRGB என்ற பொதுவான நிற அமைப்பு) கோப்பாகக் கொடுங்கள். முழு அச்சுக்கு முன் நிழல், நீல-வெள்ளைப் பூந்தொட்டி, ஒரு மஞ்சள் பூ மூன்றும் வரும்படி ஒரு சோதனைத் துண்டு கேட்டு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தொட்டியின் வெள்ளை மஞ்சளித்திருந்தால் அச்சைத் தொடர வேண்டாம்.

பிக்மென்ட் மை (நிறமித் துகள் கலந்த மை), மேட் (பளபளப்பில்லாத) பூச்சு என்று கேளுங்கள். பளபளப்புப் பூச்சில் ஜன்னல்தான் தெரியும், தோட்டம் தெரியாது. 2700 கெல்வின் மஞ்சள் விளக்கும் நீலத்தை அடக்கிவிடும், 4000 நல்லது. 12×10க்குக் கீழே போகாதீர்கள், பின்னால் படிகளில் இருக்கும் உருவங்கள் வெறும் தீற்றல்களாகிவிடும்.