ஹகட்டா டோன்கொட்சுவா, சப்போரோ மிசோவா: எந்த ராமென் பக்கம் நீங்க?

ராமென்னு (ஜப்பானோட நூடுல்ஸ் சூப்பு) வந்தாலே எல்லாரும் சூப்ப பத்திதான் சண்டை போடுறாங்க, என்ன கேட்டா விஷயமே நூடுல்ஸ்லதான் இருக்கு.

ஜப்பானோட தெக்கு பக்கம் ஃபுகுவோகால கிடைக்கிற ஹகட்டா ராமென்ல நூடுல்ஸ் மெல்லிசா நேரா இருக்கும், தண்ணி ரொம்ப கம்மியா விட்டு பிசைஞ்ச மாவு, அதனால சட்டுனு வெந்துரும் ஆனா அதே வேகத்துல சூப்ப இழுத்து ஊறியும் போயிரும். நாகஹாமா மீன் மார்க்கெட்ல வேலை பாக்குறவங்களுக்கு உக்காந்து ரசிக்க எங்க நேரம், அவங்களுக்கு தோதா வந்த வழக்கம்தான் இது. ஒரேடியா நிறைய போட்டா பாதிலயே கொழகொழன்னு ஆயிரும்னு முதல்ல கொஞ்சமாதான் போடுவாங்க, தீந்ததும் "கயெதாமா"ன்னு சொன்னா நூடுல்ஸ் மட்டும் இன்னொரு தடவை வரும் (சூப்ப முன்னாடியே குடிச்சு தீத்துறாதீங்க!). சூப் நீர்த்துட்டா மேசைல இருக்கிற தாரேவ (சூப்புக்கு உப்பும் ருசியும் தர்ற சாஸ்) கொஞ்சம் ஊத்திக்கலாம். நூடுல்ஸ் எவ்வளவு வேகணும்னு கேப்பாங்க, கெத்துக்கு பரிகட்டான்னு (ரொம்ப கெட்டியா) சொல்றவங்க நிறைய பேர், எனக்கு அது வேகாத மாவுதான், கட்டா (கெட்டியா) போதும். சூப்புதான் டோன்கொட்சு, பன்னி எலும்ப மணிக்கணக்கா கொதிக்க விட்டு வெள்ளையா கலங்கினது, அந்த வாடை சில கடைல தெருவுக்கே வரும், பிடிக்காதவங்களுக்கு சுத்தமா பிடிக்காது.

வடக்க சப்போரோல கதையே வேற. நூடுல்ஸ் தடியா, மஞ்சளா, சுருள் சுருளா நல்லா இழுவையா இருக்கும், அரட்டை அடிச்சுட்டே சாப்பிட்டாலும் அவ்வளவு சீக்கிரம் ஊறாது. 1950கள்ல அஜி நோ சன்பெய்ங்கற கடைலதான் மிசோ (புளிக்க வச்ச சோயாபீன்ஸ் விழுது) ராமென் பொறந்துச்சு, ஒமியா மொரிதோன்னு ஒருத்தர் போட்டது. வாணலில பன்னிக் கொழுப்பு விட்டு பயறு முளை, வெங்காயம் எல்லாம் பெரிய தீயில வதக்கி அதுலயே சூப்பு, மிசோ சேர்ப்பாங்க, அந்த வதக்கின மணம் ஹகட்டால கிடைக்கவே கிடைக்காது. மேல மிதக்கிற கொழுப்பு மூடி போட்ட மாதிரி சூட்ட வெளிய விடாது, அதனால ஆவி பெருசா தெரியலையேன்னு வேகமா வாய் வச்சா நாக்கு காலி. வெண்ணெய், சோளம் போட்டது போட்டோக்கு நல்லாருக்கும், ஆனா வெண்ணெய் உருகினா மிசோவோட அழுத்தமான ருசி மழுங்கிருதுன்றது என் கருத்து.

தனியா போய் பத்து நிமிஷத்துல முடிச்சுட்டு கிளம்பணும்னா ஹகட்டா. ஆள் கூட்டிட்டு போறீங்க, வெளிய குளிர் வேறன்னா சப்போரோ. நான் மெதுவா சாப்பிடுற ஆளு, அதனால என் ஓட்டு மிசோவுக்குதான். ரெண்டுமே கனமா தெரிஞ்சா டோக்கியோ ஷோயு (சோயா சாஸ் ராமென்) இருக்கு, தெளிஞ்ச சூப்பு, வயித்துக்கு லேசு.

பன்னி சாப்பிடாதவங்க மட்டும் கொஞ்சம் உஷாரா இருங்க, மிசோன்னா சோயாபீன்ஸ்தானே சைவம்தானேன்னு ஆர்டர் பண்ணிறாதீங்க, அடில இருக்கிறது பெரும்பாலும் எலும்பு சூப்புதான், ஆர்டர் டிக்கெட் எடுக்கிற மெஷின்ல காசு போடுறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க.